புளிக்காத கூழ்

வெள்ளிக்கிழமை காலை தேசப்பன் மேஸ்திரியின் மூட்டை தூக்கும் செட்டில் பதினொரு பேர் வேலைக்கு வரவில்லை. ராயபுரம் கூட்ஸ் யார்டில் சிமெண்டு மூட்டை ஏற்றிய வேகன்கள் வரிசையாக நின்றன. இறக்க ஆளில்லை. வந்தவர்களிலும் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்கள்.

பின்கேட்டுக்குப் பக்கத்தில் பானையை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மா நின்றாள். ஒன்பது வருஷமாக அதே இடத்தில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறவள். அவள் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. "உப்பு போதுமா?" என்பாள். "கருவாடு தீந்துச்சி" என்பாள். அதற்கு மேல் வார்த்தை வராது. வாயில் கொழுக்கட்டை என்று மூட்டைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவிட்டு அடுத்த குவளையை நிரப்புவாள்.

அன்றைக்கு யாரும் குவளையை நீட்டவில்லை.

"இன்னாம்மே அங்கம்மா," என்று வந்தான் தேசப்பன். "நேத்து இன்னாத்த கலந்து ஊத்துன? எஞ்செட்டுல பாதி பேரு பாயோட படுத்துக்கினு கீறான். காலரான்னு ஒரு டாக்டரு எயுதிட்டான்னு வெய்யி, யார்டையே இஸ்த்து மூடிடுவான். அப்பால நாங்கல்லாம் மண்ணையா துன்றது?"

கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த வெள்ளத்துரையும் இறங்கி வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். அவருடைய ஊர்க்காரன் முப்பிடாதி, ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தவன், அவர் கடையின் பின்னறையில்தான் தங்கியிருந்தான். முந்தின நாள் அங்கம்மாவிடம் கூழ் குடித்தவர்களில் அவனும் ஒருவன்.

"அந்தப் பய ராத்திரிலேருந்து தண்ணி கூட நிக்காம கிடக்கான்," என்றார் வெள்ளத்துரை. "ரெண்டு நாள் ஊறுன மாவு, அதுக்கு மேல ஒரு நாள் ஆறுன களி. அது சாப்பாடா, சாக்கடையா? டீன்னா கொதிக்கக் கொதிக்கக் குடுக்கேன். கிருமி எங்கெருந்து வரும்? நான் அன்னைக்கே சொன்னேன், மேஸ்திரி கேட்டாத்தானே!"

"கேட்டுக்கினேன்யா, கேட்டுக்கினேன்," என்றான் தேசப்பன். "அங்கம்மா, பானைய தூக்கு. நாளையிலேருந்து இந்த எடத்துல அவரு பெஞ்சி போட்டுக்கட்டும்."

அங்கம்மா பானையைத் தூக்கவில்லை.  புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"மூணு நாளு குடு நைனா. எதுனாலன்னு நானு பாத்துக்கினு வரேன்."

ஒன்பது வருஷத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். 

"திங்கக்கெயம," என்று சொல்லிவிட்டுப் போனான் தேசப்பன்.

எதனால் என்பதில் பாதி அவளுக்கு அப்போதே தெரியும். அதுதான் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அந்த வாரம் புளியந்தோப்பில் இரண்டு பேருக்கு வாந்திபேதி என்று பேச்சு கிளம்பியது. செவ்வாய்க்கிழமையே காக்கிச் சட்டை போட்ட சுகாதார ஆட்கள் கேட்டுக்கு வந்தார்கள். விற்கிற பண்டத்தை மூடி வைக்க வேண்டும், குவளைகளை வெந்நீரில் கழுவ வேண்டும், குடிதண்ணீரில் ஒரு சிட்டிகை மருந்து போட வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அங்கம்மாவும் சரியாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் பயந்தவள் கையில் சிட்டிகை நிற்குமா? காக்கிச் சட்டைக்காரர் மறுபடி வந்து பானையை உடைத்துப்போட்டால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே வீட்டுக்குப் போனாள்.

மீனவர் குப்பத்தில் கூழ் காய்ச்சுகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புளிப்புப் பானையின் வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். உள்ளே தேங்காய் நார் போகக் கூடாது. வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்ப்பதோடு சரி. முந்தின மாவில் ஒரு கை எடுத்து வைத்து, அதன் மேல்தான் புது மாவைக் கரைப்பார்கள். மறுநாள் மாவு நுரைத்துப் பொங்கும். அதை அரிசி நொய்யோடு காய்ச்சிக் களியாக்கி, இன்னொரு பானையில் விடியும் வரை வைத்து, காலையில் மோரும் உப்பும் வெங்காயமும் போட்டுக் கரைத்தால் கூழ். ஒன்பது வருஷமாக அவள் வீட்டில் அந்த ஒரு கை மாவு அறுந்ததே இல்லை.

அன்று அறுந்தது. எடுத்து வைத்த மாவைப் பழசு என்று கொட்டினாள். இரண்டு பானைகளுக்குள்ளும் வெள்ளைத் தூளைப் போட்டு, நார் போட்டு, கை எரிய எரியத் தேய்த்தாள். தண்ணீர்ச் சாலில் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அந்தத் தண்ணீரில்தான் மாவைக் கரைத்தாள்.

புதன்கிழமை கூழ் இல்லை. மாவு கல்லைப்போல் அடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு நுரை இல்லை, ஒரு வாசனை இல்லை. இனியும் காத்திருக்க முடியாது என்று அப்படியே காய்ச்சி வைத்தாள். வியாழக்கிழமை விடியலில் களிப்பானையைத் திறந்தாள். மூக்கில் சுள்ளென்று ஏற வேண்டிய புளிப்பு இல்லை. நனைந்த கோணியின் வாடைதான் லேசாக வந்தது.

கேட்டில் முப்பது பேருக்கு மேல் காத்திருப்பார்கள். ஒரு நாள் ஏற்கெனவே பட்டினி போட்டாயிற்று. அவள் அடுக்களையில் இருந்த புளியை எடுத்துக் கரைத்தாள். மோரோடு சேர்த்து ஊற்றினாள். நாக்கு ஏமாந்தது. "இன்னிக்கி கூயு தூக்கலா கீது," என்று இரண்டாம் குவளை கேட்டவர்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை பானையை வீட்டில் இறக்கியதும் இதை முதலில் புருஷனிடம்தான் சொன்னாள். தாமோதரன் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்விட்டு வந்து வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"புளி கரச்சது யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டு போவுது. வாய தொறக்காத. நீ வாய தொறந்தாத்தான் ஊரே அதிசயமா பாக்கும்."

அவள் அடுக்களையில் கிடந்த புளியங்கொட்டைகளில் படுத்த ஆளுக்கு ஒன்றாகப் பதினொன்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். படிக்காதவளுக்கு அதுதான் கணக்கு.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பதினொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள்.  ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: "வியாயக்கெயம எங்கிட்ட எத்தினி குவளை குட்ச்ச? வேற இன்னா துன்ன?"

அவள் உள்ளுக்குள் வேறு ஒரு பதிலைத்தான் தேடிப் போனாள். யாராவது ஒருவன், கூழே குடிக்காதவன், படுத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் நோய் தண்ணீரில் வந்தது, காற்றில் வந்தது என்று நிமிர்ந்து சொல்லிவிடலாம். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்த நம்பிக்கை போயிற்று. படுத்தவர் எல்லாரும் அவள் கூழ் குடித்தவர்கள். குடிக்காதவர் எவரும் படுக்கவில்லை.

ஆனால் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், பதினொரு பேரில் ஒருவனான ரகுபதி வீட்டுக்குப் போனபோது, அவன் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, ஆள் கீறானா போய்ட்டானான்னு பாக்க வந்தியா?"

"ஒடம்பு?"

"ஒரு நாளு பேஜாரு பண்ணுச்சி. இன்னிக்கி சோறு துன்னேன். நானு ஒங்கிட்ட ஒம்போது வருசமா குட்ச்சிக்கினு கீறவன். என் வவுறு ராயபுரம் ரோடு, எந்த லாரி போனாலும் தாங்கும்."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, "வாய் மட்டும் தாங்குது," என்றாள்.

அங்கம்மா அங்கேயே நின்று முந்தானையை அவிழ்த்துக் கொட்டைகளைப் பிரித்து வைத்தாள். எழுந்து உட்கார்ந்தவர் ஒரு பக்கம், இன்னும் படுத்திருப்பவர் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை முடியும்போது இந்தப் பக்கம் ஏழு கொட்டை, அந்தப் பக்கம் நாலு. ஏழு பேரும் வருஷக்கணக்கில் அவளிடம் கூழ் குடிப்பவர்கள். நாலு பேரும் இரண்டு மூன்று மாதத்துக்குள் செட்டில் சேர்ந்தவர்கள். அவளிடம் என்றாவது ஒரு நாள் குடிப்பவர்கள்.

நாலாவது கொட்டை முப்பிடாதி. டீக்கடைப் பின்னறையில் அவன் கண் உள்ளே போய்க் கிடந்தான். வெள்ளத்துரை வாசலை மறித்தார்.

"எதுக்கு வந்த? இன்னும் ஒரு செம்பு ஊத்தவா?"

"பாத்துட்டு போறேன்."

"பாத்தாச்சுல்லா. போ."

அவள் போகவில்லை. "உப்பும் சக்கரையும் போட்டு கஞ்சித்தண்ணி குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"குடுத்துக்கிட்டுதாம்மா இருக்கேன்," என்றார். அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "அவன் பெண்டாட்டிக்கு நான் என்னத்த கடுதாசி எழுதுவேன், சொல்லு."

அங்கம்மா அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்ன இலவச ஆஸ்பத்திரி. ஹில்டா என்ற நர்ஸம்மா வாசலில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேரில் ஆறு பேருக்கு மருந்து கொடுத்தவள் அவள்தான்.

"காலரா இல்ல," என்றாள் ஹில்டா. "டாக்டர் பாத்துட்டார். கெட்டுப்போன சாப்பாட்டுல வர்ற பேதி."

அங்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பவுடர், நார், அறுந்த மாவு, புளி. தலை நிமிராமல் சொன்னாள், ஆனால் எதையும் விடவில்லை. ஹில்டா அடுப்பைத் தணித்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"கிருமின்னா எல்லாம் கெட்டதுன்னு நெனச்சிட்டியா? உன் மாவை நுரைக்க வைக்கிறதே கிருமிதான், அங்கம்மா. அது முதல்ல எடத்தப் புடிச்சுக்கிட்டா, அந்தப் புளிப்புல கெட்டது வளர முடியாது. நீ காவல்காரனக் கொன்னுட்ட. அப்புறம் விடியுற வரைக்கும் களிய வெறும் பானையில வச்ச. யார் வேணா உள்ள வரலாம். காலைல புளி ஊத்துனது, திருடன் போன பிறகு பூட்டு போட்ட மாதிரி."

அங்கம்மா கொட்டைகளை ஏழும் நாலுமாகப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். "அப்ப இது இன்னா நர்ஸம்மா? பயைய ஆளுங்க ஏயு பேரும் எயுந்துட்டாங்க. புது ஆளுங்க நாலு பேரும் படுத்துக்கினு கீறாங்க. ஒரே பானை."

ஹில்டா கொட்டைகளைப் பார்த்தாள். 

"நல்ல கேள்விதான். தயிர்ல இருக்கிற கிருமி மனுஷன் குடலுக்குள்ள போய்த் தங்கி அவனக் காப்பாத்துதுன்னு வெளிநாட்டுல ஒரு பெரிய டாக்டர் ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கார். பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க, பாதிப் பேர் சிரிச்சாங்க. தினம் புளிச்சது குடிக்கிற உடம்பு நல்லது எது, கெட்டது எதுன்னு பழகி, உள்ளேயே காவலுக்கு ஆள் தயாரா வச்சிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அந்த நாலு பேரும் ஊர்லேருந்து பட்டினியா வந்தவங்க, அதனாலயும் படுத்திருக்கலாம். பதினோரு கொட்டைய வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் வாணாம்," என்றாள் அங்கம்மா. "பானைக்குள்ள இன்னா நடந்துச்சின்னு தெரிஞ்சிச்சே, அது போதும்."

திங்கட்கிழமை காலை கேட்டில் செட்டு கூடியிருந்தது. அவளுடைய இடத்தில் வெள்ளத்துரையின் பெஞ்சு கிடந்தது. பானை இல்லாமல் வந்தவளைப் பார்த்து எல்லாரும் திரும்பினார்கள். முப்பது நாற்பது ஆண்பிள்ளைகள். அவளுக்கு தாமோதரன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். தண்ணீர் கெட்டுப்போச்சு என்றால் நம்புவார்கள்.

"என் கூயாலதான்," என்றாள்.

"சத்தமா சொல்லும்மே!"

"என் கூயாலதான் படுத்தாங்க. பானைய பவுடர் போட்டு தேச்சிட்டேன். மாவு புளிக்கல. புளிக்கலன்னு தெரிஞ்சே புளி கரச்சி ஊத்துனேன்."

 வேகன் ஒன்று எங்கோ இடித்துக்கொண்டது. பிறகு ரகுபதி காறித் துப்பினான்.

"ஒம்போது வருசம் ஒங்கையால குட்ச்சவன்மே நானு. புளிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா பட்டினி கெடந்திருப்பேன்."

அந்த வார்த்தை அவளை வெட்டிப் போட்டது.  வெள்ளத்துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதான," என்றான் தேசப்பன். "சொல்ட்ட. போ."

போனாள். போன வேகத்தில் பழைய பானைகள் இரண்டையும் கடற்கரை மணலில் போட்டு உடைத்தாள். மருந்து ஊறிய மண் இனி எதையும் வளர விடாது. புதுப்பானை இரண்டு வாங்கி, குழாய்த் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஒரு பகல் வெயிலில் வைத்து மருந்து வாடை போகவிட்டு, மாவைக் கரைத்தாள். புதன்கிழமை பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா ஒரு கை புளித்த மாவைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"இந்தா, இதப் போட்டு கரைச்சின்னா நாளைக்கே பொங்கிடும். இன்னாத்துக்கு கஸ்டப்படற?"

"வாணாம்க்கா. அது எப்பிடி வருதுன்னு நானு மொதல்லேருந்து பாக்கணும்."

"இவளப் பாரேன்! கூயு காய்ச்சத் தெரியாதவ மாதிரி."

"தெரியும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள் அங்கம்மா.

முதல் பானை மாவு அழுகிய வாடை அடித்தது. கொட்டினாள். இரண்டாவது, ஓரத்தில் இரண்டு குமிழி விட்டு அடங்கியது. அதிலிருந்து ஒரு கை எடுத்து மறுபடி கரைத்தாள். தினமும் மூன்று வேளை மூடியைத் திறந்து முகர்ந்தாள், தொட்டு நாக்கில் வைத்தாள். ஆறாம் நாள் பானை சளசளவென்று மூச்சு விட்டது. மூக்கில் ஏறிய புளிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதை அவள் விற்கவில்லை. தினமும் காலையில் யார்டுக்கு எதிர்ச்சுவர் ஓரமாகப் பானையோடு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க ஒரு குவளை தானே குடித்தாள். எட்டு நாள் குடித்தாள். "தனியா குட்ச்சா தொண்டைல எறங்குதா?" என்று கேலி செய்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து தாமோதரனும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு குவளை குடித்தான். "செத்தா ஜோடியா சாவோம், செலவு மிச்சம்," என்று அவன்தான் எல்லாருக்கும் பதில் சொன்னான். படுத்த நாலு பேரும் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்கு வந்தார்கள். கடைசியாக முப்பிடாதி வந்தான்.

ஒன்பதாம் நாள் ரகுபதி சாலையைக் கடந்து வந்து குவளையை நீட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினான். அவள் ஊற்றினாள். அவன் குடித்துவிட்டுப் போய் நாலு பேரைக் கூட்டிவந்தான். தேசப்பன் கேட்டிலிருந்தே கத்தினான்:

"எதுனா ஆச்சின்னா உம்பொறுப்பு!"

"என் பொறுப்புதான் நைனா," என்று அவளும் கத்தினாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வெயிலே இல்லை. கடற்காற்று எலும்பில் ஏறியது. மூன்றாம் நாள் காலை சாலையின் இந்தப் பக்கம் இருபது பேருக்கு மேல் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் முப்பிடாதியும் இருந்தான். படுத்து எழுந்த பிறகு முதல் தடவையாக, கையில் ஒரு தகரக் குவளையோடு.

வீட்டிலேயே அவளுக்குச் சந்தேகம். குளிரில் மாவு சரியாகப் பொங்கவில்லை. வருகிற வழியில் களி தேறிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். சுவர் ஓரமாகப் பானையை இறக்கினாள். மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

கெட்டுப்போகவில்லை. ஆனால் புளிக்கவும் இல்லை. பாதி வழியில் நின்றிருந்தது. மோரை இரண்டு பங்காக ஊற்றினால் யாருக்கும் தெரியாது. நனைந்து நிற்கிற ஆட்கள். பசி.

"சீக்கிரம் ஊத்தும்மே, வேகன் வந்துட்ச்சி!"

அங்கம்மா பானையை இரண்டு கையாலும் சாய்த்தாள். களி முழுவதும் சொத்தென்று மண்ணில் விழுந்தது.

"அய்யய்ய! இன்னாமே பண்ற நீ!"

"இன்னிக்கி கூயு இல்ல," என்றாள்.  "புளிக்கல."

"கொஞ்சூண்டு கொறச்சலா இருந்தா இன்னா, குடி முயுகிடுமா?" என்றான் ஒருவன்.

"எனக்குத் தெரியாது. தெரியாதத இனிமே ஊத்த மாட்டேன்."

திட்டிக்கொண்டே கலைந்தார்கள். எல்லாரும் நேரே டீக்கடைக்குத்தான் போனார்கள். வெள்ளத்துரை டீ ஆற்றிக்கொண்டே, "எனக்கு யாவாரம் பண்ணிக் குடுக்கதுக்குன்னே வந்திருக்கா பாத்தியளா, மகராசி!" என்று சிரித்தார். முப்பிடாதி மட்டும் காலிக் குவளையோடு அங்கேயே நின்றான்.

"நாளைக்கு இருக்குமாக்கா?"

"புளிச்சா இருக்கும். இல்லன்னா நாளன்னிக்கி."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். தேசப்பன் கேட்டில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணில் கிடந்த களியைப் பார்த்தான். மழை அதைக் கரைத்துக்கொண்டிருந்தது. பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பினான்.

"யோவ் வெள்ளத்துரை! கேட்டாண்ட கெடக்கற உம்பெஞ்ச எடுத்துக்க. அது கூய்க்காரி எடம்."

வெள்ளத்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பிடாதியைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மறுமுனையை ரகுபதி பிடித்தான்.

அங்கம்மா நின்று பார்க்கவில்லை. காலிப் பானையைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு, மழையில் குப்பத்தை நோக்கி எட்டி நடந்தாள். இந்தக் குளிருக்கு மாவை அடுப்புப் பக்கமாக வைத்தால்தான் நாளைக்குப் பொங்கும். இப்போதே கரைத்தாக வேண்டும்.